மற்ற ஆள்

சில்வெஸ்டரும் விஜயரத்தினமும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்தி நான்கு வருடம் ஆகியிருந்தது. அதற்காக ஆளையாள் பார்க்காமல் இருந்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கிழமையில் ஆறு நாளும் பார்த்தார்கள். ஹம்பேர்க் துறைமுகத்துக்குக் கிட்ட, அந்தக் காலத்துத் தேயிலை, கோப்பி வியாபாரிகள் சிவப்புச் செங்கல்லில் கட்டிப்போட்ட ஐந்து மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் இருவருக்கும் துப்புரவு வேலை. மேல்மாடிகள் சில்வெஸ்டருக்கு. கீழ்மாடிகளும் நிலவறையும் விஜயரத்தினத்துக்கு.

எங்கள் ஆட்களிடையே ‘கதைக்கிறேல்லை’ என்பது வெறும் கோபம் அல்ல. கோபம் ஆறிவிடும், இது ஆறாது. இதற்கென்று எழுதாத சட்டங்கள் உண்டு. எதிரே ஆள் வந்தால் சப்பாத்து நாடாவைக் கட்டக் குனிந்துவிட வேண்டும். கலியாண வீட்டில் அவன் முன்வரிசை என்றால் இவன் பின்வரிசை. ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும் என்றால் சுவரைப் பார்த்துச் சொல்லலாம். பக்கத்தில் நிற்பவன் காதில் அது விழுந்தால் அதற்குச் சொன்னவன் பொறுப்பில்லை. முதலில் வாயைத் திறக்கிறவன் தோற்றவன். நாடு விட்டு நாடு வந்தபோது எத்தனையோ சாமான்களை விட்டுவிட்டு வந்தவர்கள், இதை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள்.

கட்டடத்தின் பொறுப்பாளர் டீர்க்ஸ் என்ற மீசைக்காரர். அவருக்கு இந்தப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஆகவே ஒருவனை ‘டேர் ஐன’ என்றார், மற்றவனை ‘டேர் ஆண்டர’ என்றார். ஒருத்தன், மற்றவன். யார் ஒருத்தன், யார் மற்றவன் என்பதை அவர் ஒருபோதும் தீர்மானிக்கவில்லை. சில்வெஸ்டருக்கு அதில் சந்தேகமே இருக்கவில்லை. மற்றவன் என்றால் அது விஜயரத்தினம்தான். விஜயரத்தினமும் அப்படியே, எதிர்ப்பக்கமாக, நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்தக் கட்டடத்தில் பழைய தூக்கி ஒன்று உண்டு. கதவு இல்லை, பொத்தான் இல்லை, நிற்பதும் இல்லை. ஓரிருவர் நிற்கக்கூடிய மரப்பெட்டிகள் பல, ஒரே சங்கிலியில் கோத்தபடி, இடப்பக்கம் ஏறிக்கொண்டும் வலப்பக்கம் இறங்கிக்கொண்டும் ஓயாமல் சுற்றும். பெட்டி வரும்போது காலெடுத்து வைத்து ஏற வேண்டும், மாடி வரும்போது காலெடுத்து வைத்து இறங்க வேண்டும். பாட்டர்நோஸ்டர் என்று பெயர். செபமாலை சுற்றுவதுபோல் சுற்றுவதால் வந்த பெயர் என்று டீர்க்ஸ் சொன்ன நாளிலிருந்து, மன்னார்க் கத்தோலிக்கனான சில்வெஸ்டருக்கு அதன்மேல் ஒரு சொந்தம் விழுந்துவிட்டது. ஏறும்போதெல்லாம் நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான்.

ஏறுகிற பெட்டி ஐந்தாம் மாடியைத் தாண்டினால் கூரைக்குள் போய், இருட்டில் பெரிய சக்கரங்களின் மேலாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இறங்குகிற பெட்டியாக மறுபக்கம் வெளியே வரும். அப்படித் தாண்டிப் போவது ஆபத்தில்லை என்று ஒரு பலகை தொங்கியது. ஆனால் வாளி, தரை கூட்டுகிற தும்புத்தடி எதையும் கொண்டு தாண்டக் கூடாது என்பது டீர்க்ஸின் கட்டளை. இந்த மாதிரித் தூக்கிகளையெல்லாம் மூடிவிட வேண்டும் என்று அரசாங்கத்தில் கதைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒரு சின்ன விபத்து நடந்தாலும் தன் தூக்கிக்குப் பூட்டு விழுந்துவிடும் என்று அந்த மனிதர் நெஞ்சு பதறிக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் மாடியில் ஒரு தேயிலைக் கம்பனி. அதன் கண்ணாடிக் கதவில் பெரிய வட்டம் ஒன்று வரைந்திருந்தது. பாதி கறுப்பு, பாதி வெள்ளை, இரண்டும் மீன்களைப்போல் ஒன்றின் வாலை ஒன்று துரத்திக்கொண்டு. கறுப்புக்குள் ஒரு வெள்ளைப் பொட்டு, வெள்ளைக்குள் ஒரு கறுப்புப் பொட்டு. அங்கே வேலை செய்த தாய்வான்காரப் பெண் டாங் என்பவளிடம், இதில் நல்லது எது, கெட்டது எது என்று ஒருநாள் சில்வெஸ்டர் கேட்டான். அவனுடைய வேதத்தில் வெளிச்சம் ஒரு பக்கம், இருட்டு ஒரு பக்கம். ஆகவே கேள்வி அவனுக்கு நியாயமாகவே பட்டது. அவள் சிரித்தாள். அப்படி இல்லை, இது தாவோ, எங்கள் ஆட்களின் பழைய சிந்தனை வழி என்றாள். ஒன்றை உயரம் என்று சொன்ன உடனேயே இன்னொன்று பள்ளமாகிவிடுகிறது, பள்ளத்தை எடுத்துவிட்டால் உயரமும் இல்லை, இரண்டும் ஒன்றில் ஒன்று சாய்ந்துதான் நிற்கின்றன என்றாள். “இந்தக் கறுப்பைச் சுரண்டி எடுத்துப் பாருங்கள். வெள்ளை மிஞ்சாது. வட்டமே போய்விடும்.”

சில்வெஸ்டர் மரியாதைக்குத் தலையாட்டினான். பிறகு கறுப்பையும் வெள்ளையையும் ஒரே துணியால் துடைத்துவிட்டுப் போனான். நல்ல பிள்ளை, பாவம், நல்லது கெட்டது தெரியாமல் வளர்த்துவிட்டார்கள் என்று மனதுக்குள் முடிவு கட்டினான்.

இனி, அவர்கள் ஏன் கதைப்பதில்லை என்பது.

இருவரும் தொண்ணூறாம் ஆண்டு ஒரே மாதத்தில் வந்து இறங்கியவர்கள். அகதிகளை வைக்க இடம் போதாமல், ஆற்றங்கரையில் நங்கூரம் போட்ட கப்பலொன்றில் குடியேற்றியிருந்தார்கள். எங்கும் போகாத கப்பல். அதில் ஒரு சிறு அறையில் மேல்கட்டில் சில்வெஸ்டருக்கு, கீழ்க்கட்டில் விஜயரத்தினத்துக்கு. ஒருவன் மன்னார், மற்றவன் யாழ்ப்பாணம். ஒருவன் வாய் ஓயாதவன், மற்றவனிடம் ஒரு சொல் வாங்கக் குறடு வேண்டும். இவன் சமைத்தால் உப்புக் கூடும், அவன் சமைத்தால் உப்பே இராது. இருவரும் சேர்ந்து சமைத்த நாளில்தான் பக்கத்து அறைக்காரர் தட்டோடு வந்தார்கள். சில்வெஸ்டரின் மனைவி பேர்பெச்சுவா கடிதம் எழுதாமல், குரலைப் பதிந்து கசெட்டாக அனுப்புவாள். கசெட் சில்வெஸ்டரிடம் இருந்தது. அதைப் போடுகிற ரேடியோ விஜயரத்தினத்திடம் இருந்தது. ஆகவே அவளுடைய குரல் இருவருக்கும் பொதுவாகத்தான் அந்த அறையில் கேட்டது. “உங்கட சிநேகிதர் ரத்தினம் அண்ணையையும் கேட்டதாச் சொல்லுங்கோ” என்று ஒவ்வொரு கசெட்டும் முடியும். விஜயரத்தினம் கட்டிலில் இருந்தபடி அதற்குத் தலையை ஆட்டுவான்.

இரண்டு வருடம் கழித்து, இருவருடைய அகதி விண்ணப்பத்துக்கும் ஒரே நாளில் முடிவு வந்தது. சில்வெஸ்டருக்கு ஓம். விஜயரத்தினத்துக்கு இல்லை.

சில்வெஸ்டர் அன்று பின்னேரமே பியர் வாங்கினான், கேக் வாங்கினான், கப்பலில் இருந்த தமிழாட்களையெல்லாம் அந்தச் சின்ன அறைக்குள் கூட்டிவந்தான். விஜயரத்தினம் கீழ்க்கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். அவனுடைய கட்டில் விளிம்பிலேயே இரண்டு பேர் உட்கார்ந்து பாட்டுப் பாடினார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவன் திரும்பாமலே சொன்னான்: “உமக்கு ஓம் எண்டு குடுக்கிறதுக்குத்தான் எனக்கு இல்லையெண்டு எழுதினவங்கள்.”

சில்வெஸ்டருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. “என்ரை கதை உண்மை, அதாலை தந்தவங்கள்,” என்றான். “உம்மடை கதை பொய் எண்டு அவங்களுக்கு விளங்கியிருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். பியர் குடித்தவர்கள் எதற்கும் சிரிப்பார்கள். ஆனால் சில்வெஸ்டருக்குத் தெரியும், அந்தக் கதை பொய் இல்லை. இராணுவ முகாமில் வாங்கிய அடியின் தழும்புகளை அந்த முதுகில் அவன் ஒவ்வொரு காலையும் கண்டவன். குளிர்காலத்தில் அந்தத் தழும்புகளுக்கு எண்ணெய் தடவிவிட்டவனும் அவன்தான். தெரிந்துகொண்டே சொன்னான். மறுநாள் விஜயரத்தினம் ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வேறு அறைக்குப் போய்விட்டான். அன்றோடு பேச்சு முடிந்தது.

அதன்பிறகு ஒருவன் ஏறினான், மற்றவன் இறங்கினான். சில்வெஸ்டருக்கு வீடு கிடைத்தது, மனைவியைக் கூப்பிட உரிமை கிடைத்தது. விஜயரத்தினத்துக்குக் கிடைத்தது டுல்டுங் என்ற தாள். உன்னை அனுப்ப வேண்டும், இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அதற்கு அர்த்தம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணச் சனம் முழுக்க ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது அவன் மனைவியும் பிள்ளையும் எந்தப் பக்கம் போனார்கள் என்ற தகவல்கூட இல்லை. அந்தத் தாளும் இப்போது காலாவதியாகிவிட்டது, நீட்டப் போனால் பிடித்து அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து ஒளித்துத் திரிகிறான் என்று, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்த பவளம் அக்கா சொல்லித்தான் சில்வெஸ்டருக்குத் தெரியும். கதைக்காதவர்களைப்பற்றிய செய்திகளுக்கு எங்களுக்குக் கடைகள் உண்டு.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஐப்பசி மாதத்துச் சனிக்கிழமை. அன்று பிற்பகல் இரண்டு மணிக்குப் பேர்பெச்சுவா விமானத்தில் வந்து இறங்குகிறாள். ஆறு வருடப் பிரிவு. கொழும்பைத் தவிர வேறு பட்டணம் பார்க்காதவள், ஜெர்மன் ஒரு சொல்லும் தெரியாதவள். சில்வெஸ்டர் அன்றைக்கு லீவு கேட்கவில்லை. வேலை இருக்கிறது என்ற தாளைக் காட்டித்தான் விசாவே வந்தது. அந்த வேலையை ஒரு மயிரிழை அசைக்கவும் அவனுக்குப் பயம். காலையில் வேலையை முடித்துவிட்டு, முகம் கழுவி, பையில் வைத்திருந்த புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு நேரே பஸ் ஏறுவதாகத் திட்டம். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. டீர்க்ஸும் தூக்கியை ஓடவிட்டுவிட்டுத் தன் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

ஐந்தாம் மாடிதான் மிச்சம். வாளியோடும் தும்புத்தடியோடும் ஏறுகிற பெட்டியில் நின்றான். பாட்டர்நோஸ்டரில் மேலே போகும்போது மாடியில் நிற்பவரின் கால் முதலில் தெரியும், முகம் கடைசியில் தெரியும். அன்று ஐந்தாம் மாடியில் இரண்டு சப்பாத்துகள் தெரிந்தன. கறுப்பு, குதி தேய்ந்தது, கோயிலில் இலவசமாகக் கொடுத்தது. அதே நாளில் அதே கோயிலில் வாங்கிய சோடி சில்வெஸ்டரின் காலிலும் இருந்தது. பிறகு முழங்கால். பிறகு கையில் தொப்பி. கீழ்மாடிக்காரன் மேல்மாடியில் என்ன செய்கிறான் என்று சில்வெஸ்டருக்கு விளங்கவில்லை. இறங்கினால் நெஞ்சுக்கு நெஞ்சு முட்ட வேண்டும். சப்பாத்து நாடாவைக் கட்டக் குனியவும் இரண்டு கையிலும் சாமான். விஜயரத்தினத்தின் வாய் ஏதோ சொல்லத் திறப்பதுபோல் இருந்தது.

சில்வெஸ்டர் இறங்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றான். பெட்டி அவனைத் தூக்கிக்கொண்டு கூரைக்குள் போனது.

எங்கள் ஆள் அல்லாத எவனும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டான்.

இருட்டு. எண்ணெய் மணம். பெட்டி ஒருமுறை உலுப்பிப் பக்கவாட்டில் நகர, சில்வெஸ்டர் விழாமல் இருக்கக் கையை ஊன்றினான். தும்புத்தடி நழுவிப் பெட்டிக்கும் செங்கல் சுவருக்கும் இடையில் போய்ச் செருகிக்கொண்டது. சங்கிலி முனகியது. எங்கோ ஒரு இரும்பு ‘டக்’ என்றது. எல்லாம் நின்றது.

தடியை இழுத்தான், தள்ளினான், உதைத்தான். அசையவில்லை. பெட்டியின் வாசலில் கை நீட்டினால் சுவர். கீழே ஒரு இடுக்கு வழியாக ஐந்தாம் மாடி வெளிச்சம் ஒரு கோடாகத் தெரிந்தது, அவ்வளவுதான். பேர்பெச்சுவா இந்நேரம் எந்த மேகத்துக்கு மேலே இருக்கிறாளோ என்ற நினைப்பு வந்ததும் தடியை மறுபடி உதைத்தான்.

கூப்பிட வேண்டும். கட்டடத்தில் இருப்பது ஒரே ஒரு மனிதன். அவனைக் கூப்பிட்டால் நான்கு வருடம் போச்சு. சில்வெஸ்டர் யோசித்தான். அந்த நிலையிலும் யோசித்தான் என்பதைக் கவனியுங்கள். கடைசியில் அவனுக்கு ஒரு வழி பட்டது. ஜெர்மன் பாஷையில் கூப்பிட்டால் அது கதைத்ததாகாது.

“ஹல்லோ,” என்றான். “ஹில்ஃப.” உதவி.

கீழே காலடி வந்து நின்றது. “வாஸ்?” என்றது குரல். என்ன?

மறுபக்கத்துக்காரனும் சட்டம் தெரிந்தவன்தான். அவனும் ஜெர்மனிலேயே கேட்டான்.

“இக் ஓபன். கபுட்.” நான் மேலே. பழுது.

“வரூம்?” ஏன்?

ஏன் என்று சில்வெஸ்டர் சொல்லவில்லை. டீர்க்ஸ், டெலிபோன் என்று மட்டும் சொன்னான். காலடி படிகளில் இறங்கியது, தெருக்கதவு திறந்து மூடியது. வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்தது. தெருமுனைக் கூண்டிலிருந்து டெலிபோன் எடுத்த கதையை விஜயரத்தினம் நாலைந்து ஜெர்மன் சொல்லில் முடித்தான். டீர்க்ஸ் தோட்டத்திலிருந்து புறப்பட்டு மெக்கானிக்கையும் ஏற்றிக்கொண்டு வரப் பின்னேரம் நாலு மணி ஆகும். யாரும் எதையும் தொடக் கூடாது. தீயணைப்புக்காரரைக் கூப்பிடவே கூடாது, அவர்கள் வந்தால் தூக்கியையும் உடைப்பார்கள், செய்தியும் வெளியே போகும், பிறகு இரண்டு பேருக்கும் வேலை இல்லை. ஆள் சாகவில்லைத்தானே என்று டீர்க்ஸ் கேட்டாராம். சாகவில்லை என்று விஜயரத்தினம் சொன்னானாம்.

நாலு மணி என்றதும் சில்வெஸ்டர் வாசலை மறித்த சுவரில் கையால் அடித்தான். “மைன ஃபிராவ்,” என்றான். என் மனைவி. “ஃப்ளூக்ஹாஃபன்.” விமான நிலையம். அதற்கு மேல் அவனிடம் ஜெர்மன் இருக்கவில்லை. தரைக்கும் வாளிக்கும் போதுமான பாஷை அது. ஆறு வருடம் காத்திருந்த பெண்ணொருத்தி ஆளில்லாத வாசலில் பெட்டியோடு நிற்கப் போகிறாள் என்பதைச் சொல்ல அது காணாது. கொஞ்ச நேரம் இருட்டில் வாயைத் திறந்து திறந்து மூடினான். பிறகு தோற்றான்.

“ரத்தினம், பேர்பெச்சுவா வாறாள் ஐசே. ரண்டு மணிக்கு இறங்குவாள். பாஷை தெரியாது. என்னைக் காணாட்டி அவள் பயந்துபோவாள். நீர் ஒருக்கா போய்க் கூட்டிக்கொண்டு வருவீரே?”

சொல்லி முடித்த பிறகுதான், என்ன கேட்டுவிட்டோம் என்பது அவனுக்கு உறைத்தது. தாள் முடிந்த மனிதனை விமான நிலையத்துக்குப் போகச் சொல்லியிருக்கிறான். மூலைக்கு மூலை பொலிஸ் நிற்கிற இடம். ஆட்களைக் கையில் விலங்கு போட்டு ஏற்றி அனுப்புகிற இடமும் அதுதான். சொன்னதைத் திருப்பி எடுக்கலாம். எடுக்கவில்லை. அவனுக்கு அவள் வேண்டும்.

கீழேயிருந்து விஜயரத்தினத்தின் குரல், நிதானமாக, ஜெர்மனில் வந்தது.

“இக் நிக்ஸ் ஃபெர்ஷ்டேஹன்.” எனக்கு விளங்கவில்லை.

காலடி இறங்கிப் போனது. தெருக்கதவு மூடியது.

சில்வெஸ்டர் முதலில் வாயில் வந்த அத்தனை கெட்ட வார்த்தையாலும் அவனைத் திட்டினான். யாழ்ப்பாணத்தானையே திட்டினான். பிறகு மடு மாதாவைக் கூப்பிட்டான். பிறகு மறுபடி திட்டினான். தொண்டை வற்றியதும் வாளித் தண்ணீரைப் பார்த்தான், அது சவர்க்காரத் தண்ணீர். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். இருட்டில் மணிக்கூடும் தெரியவில்லை. எங்கோ ஒரு கோயில் மணி கேட்டபோது எண்ணத் தொடங்கி, பயத்தில் பாதியில் விட்டுவிட்டான். இப்போது இறங்கியிருப்பாள். இப்போது வெளியே வந்திருப்பாள். இப்போது சுற்றிச் சுற்றிப் பார்ப்பாள்.

அழுகை வந்தது, அழுதான். பார்க்க ஆளில்லாத இடத்தில் அழுவதற்கு வெட்கம் இல்லை. அழுது முடிந்த பிறகு வந்ததுதான் வெட்கம்.

ஏனென்றால் அங்கே இருந்து யோசிக்க வேறு ஒன்றும் இருக்கவில்லை. அவன் உட்கார்ந்திருந்த இடம் மேலும் இல்லை, கீழும் இல்லை. ஏறுவது முடிந்து இறங்குவது தொடங்குகிற இடம். அவனுக்குக் கீழே இரண்டு பக்கமும் பெட்டிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இந்தப் பக்கத்துப் பாரம் அந்தப் பக்கத்தைத் தாங்கியது, அந்தப் பக்கத்துப் பாரம் இந்தப் பக்கத்தை. ஒரு தடி சிக்கியதும் ஒரு பக்கம் மட்டும் நிற்கவில்லை, இரண்டுமே நின்றுவிட்டன. நான்கு வருடமாக அந்தச் சங்கிலியில் தான் மட்டும் ஏறிக்கொண்டிருப்பதாக அவன் நினைத்திருந்தான். மறுபக்கத்தில் யார் இறங்குகிறார்கள் என்று எட்டிப் பார்த்ததில்லை. கறுப்பைச் சுரண்டினால் வட்டமே போய்விடும் என்று அந்தப் பெண் சொன்னது இப்போது ஞாபகம் வந்து அவனைக் குத்தியது. உம்மடை கதை பொய் என்று அவன் சொன்ன பொய்யில்தான் அவனுடைய உண்மைக் கதை இத்தனை நாளும் மினுங்கிக்கொண்டிருந்தது. ‘அந்த முதுகை நான் கண்டனானே’ என்று இருட்டுக்குச் சொன்னான்.

டீர்க்ஸும் மெக்கானிக்கும் வந்தபோது மாலையாகிவிட்டது. நிலவறையில் கைச்சக்கரத்தைப் பின்பக்கமாகச் சுற்றினார்கள். தடி சடார் என்று கழன்று விழுந்தது, பெட்டி ஏறிய வழியாலேயே அங்குலம் அங்குலமாக இறங்கியது. டீர்க்ஸ் திட்டியது எதுவும் சில்வெஸ்டரின் காதில் ஏறவில்லை. புதுச் சட்டையையும் எடுக்காமல் படிகளில் ஓடினான்.

கீழே, வாசல் மாபிள் படியில், நீலச் சூட்கேசின்மேல் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மெலிந்திருந்தாள். வாங்கி அனுப்பிய கம்பளிச் சட்டையைப் பின்பக்கம் முன்னால் வரப் போட்டிருந்தாள்.

அவள் எழுந்து, அவனை மேலும் கீழும் பார்த்து, அவன் முகத்து எண்ணெய்க் கரியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். “உங்களுக்கு ஒண்டுமில்லைத்தானே?” என்றாள். “மேலை மாட்டுப்பட்டிருக்கிறார், பயப்பிடாதையுங்கோ எண்டு ரத்தினம் அண்ணை சொன்னவர்.”

“ரத்தினம் வந்தவரே? எங்கை ஆள்?”

அவள் நடந்ததைச் சொன்னாள். வெளியே வந்ததும் ஒருவரையும் காணவில்லை. அழுகை வந்துவிட்டது. ஒரு மூலையில் நின்று அழுதவளிடம் இரண்டு பொலிஸ்காரர் வந்து ஏதோ கேட்டார்கள், பாஸ்போட்டை நீட்டினாள், அவர்கள் மேலும் மேலும் கேட்டார்கள்.

“தூரத்திலை ஒரு தூணுக்குப் பின்னாலை ஒருத்தர் நிண்டவர். நான் அவரை முதலே கண்டனான். கிட்ட வாறதும் பின்னுக்குப் போறதுமா நிண்டவர். பொலிஸ் என்னை மறிச்ச உடனை நேரே வந்தார். ‘தங்கச்சி, நான் ரத்தினம்’ எண்டார். எனக்குப் போன உயிர் வந்திது. அவங்களுக்கு எல்லாம் விளங்கப்படுத்தினார். அவங்கள் என்ரை பாஸ்போட்டைத் தந்திட்டு, அவரின்ரையைக் கேட்டாங்கள்.”

சில்வெஸ்டர் படியில் உட்கார்ந்துவிட்டான்.

“என்னை டாக்ஸியிலை ஏத்த விடுங்கோ எண்டு கேட்டு, இந்த விலாசத்தைச் சொல்லி ஏத்திப்போட்டுத்தான் அவங்களோடை போனவர். உங்கட கப்பல் சிநேகிதர்தானே அவர்? நீங்கள் எழுதுறனீங்களே.” சண்டையைப்பற்றி அவன் அவளுக்கு ஒருநாளும் எழுதியிருக்கவில்லை. தான் ஏன் சண்டை பிடித்தான் என்று எழுத வேண்டி வந்திருக்கும்.

ஆறு வருடம் காத்திருந்த நாள் அது. அவள் வந்துவிட்டாள், பக்கத்தில் நிற்கிறாள், கையைத் தொட்டால் சுடுகிறது. அதே மணித்தியாலத்தில் மற்றவன் போய்விட்டான். ஒருவனுக்கு ஓம், ஒருவனுக்கு இல்லை, மறுபடியும் ஒரே நாளில். இந்த முறை கேக் வெட்ட அவனால் ஏலாது.

“பேர்பெச்சுவா, இப்ப வீட்டை போகேலாது,” என்றான். “திரும்ப அங்கை போகவேணும். களைப்பெண்டால்...”

“சூட்கேசை ஒரு பக்கம் பிடியுங்கோ,” என்றாள் அவள்.

விமான நிலையத்துப் பொலிஸ் அறையில் ஒரு நீளமான வாங்கு. அதன் அந்தத்தில் விஜயரத்தினம், தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கப்பலில் படுத்திருந்ததும் இதே மாதிரித்தான். மேசைக்குப் பின்னால் இருந்த இளம் பொலிஸ்காரன் சில்வெஸ்டரின் எண்ணெய் அப்பிய வேலை உடுப்பைப் பார்த்துவிட்டு, உமக்கு என்ன வேண்டும் என்று கேட்டான். சில்வெஸ்டர் வாங்கைக் காட்டினான். உறவினரா? இல்லை. நண்பரா? அதற்கு ஓம் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை; அந்தச் சொல்லுக்கு அவன் இன்னும் உரித்தாளி ஆகவில்லை. அப்படியென்றால் நீர் யார் என்றான் பொலிஸ்காரன்.

“இக் பின் டேர் ஆண்டர,” என்றான் சில்வெஸ்டர். நான் மற்ற ஆள்.

பொலிஸ்காரன் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தான். சில்வெஸ்டர் தன்னிடம் இருந்த தரைக்கும் வாளிக்குமான ஜெர்மனை முழுவதும் கூட்டி அள்ளினான். இரண்டு பேரும் ஒரே மாதம் வந்தோம். ஒரே அறை. இவருடைய முதுகை நான் பார்த்திருக்கிறேன், எண்ணெய் தடவியிருக்கிறேன். கதை உண்மை. இது பொய் என்றால் என்னுடையதும் பொய், என்னுடைய தாளையும் எடுங்கள். எந்த நீதவானிடமும் வந்து சொல்வேன், எழுதுங்கள். பாதி பிழையாக வந்திருக்கும். ஆனால் சத்தமாக வந்தது, அறையில் இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

விஜயரத்தினம் மட்டும் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தபடியே, தமிழில் சொன்னான்:

“காலமை மேலை வந்தது என்னத்துக்கெண்டு தெரியுமே? மனிசி வாற நாள், நீர் வெள்ளனப் போம், உம்மடை மாடியையும் நான் கழுவுறன் எண்டு சொல்லத்தான் நிண்டனான். என்னைக் கண்டிட்டு நீர் மேலாலை போயிட்டீர்.”

சில்வெஸ்டருக்கு நின்ற இடத்திலேயே முகம் கோணியது. போய், வாங்கில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். தோள் தோளோடு முட்டியது. இருவரும் ஒரே சுவரைப் பார்த்தார்கள்.

“இனி என்ன செய்வாங்களோ தெரியாது,” என்றான் விஜயரத்தினம். “வக்கீல் ஒருத்தரைப் பிடிக்க வேணும். அதை நாளைக்குப் பாப்பம். தங்கச்சி பிளேனிலையிருந்து ஒண்டும் சாப்பிடேல்லை. முதல்லை அவவுக்கு ஏதும் வாங்கிக் குடும்.”

“நீர் சாப்பிட்டனீரே?” என்று கேட்டான் சில்வெஸ்டர்.

“இல்லை,” என்றான் மற்றவன்.